பல்கலைக்கழகச் சாதனைக் கதைகளை எழுதுவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை மடல் ஆசிரியர்களுக்கான கேள்வி பதில்

வந்தாறுமூலையிலும் (கிழக்குப் பல்கலைக்கழகம்) கல்லடியிலும் (சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம்) ஒலுவிலிலும் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) பீடச் செய்தி மடலுக்கோ பழைய மாணவர் சங்க மலருக்கோ துறையின் இணையப் பக்கத்துக்கோ எழுதப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. பழைய மாணவர், விரிவுரையாளர், இப்போது படிக்கும் மாணவர் ஆகிய மூன்று தரப்பாரைப் பற்றி எழுதுவதற்கும் பொருந்தும்.

எதைச் சாதனை என்று எடுத்துக்கொள்வது?

அவர் செய்ததை ஒரு வினைச்சொல்லால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். "நியமிக்கப்பட்டார்", "கௌரவிக்கப்பட்டார்", "தெரிவுசெய்யப்பட்டார்" என்பவை மற்றவர்கள் அவருக்குச் செய்தவை. "கட்டினார்", "மொழிபெயர்த்தார்", "உவர் ஏறிய வயலில் மூன்று போகம் நட்டுப் பார்த்தார்" என்பவை அவர் செய்தவை. முதல் வகையை 120 சொல்லில் செய்திக் குறிப்பாகப் போட்டு முடிக்கலாம். இரண்டாம் வகைதான் கதை. அதற்கு 600 முதல் 800 சொல் வரை இடம் கொடுங்கள்.

பதவிப் பட்டியலை மட்டும் அடுக்கிய பக்கத்தை வாசிக்கும் முதலாம் வருட மாணவிக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இராது. எந்தக் கருவி கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாக எதை வைத்துச் சமாளித்தார்கள், எந்த மாதத்தில் மாதிரி எடுத்தார்கள், முதல் தடவை ஏன் சரிவரவில்லை என்பன இருந்தால் அவள் அந்தப் பக்கத்தைச் சேமித்து வைப்பாள். அவளை மனதில் வைத்தே எழுத வேண்டும்.

யாரைப் பழைய மாணவர் என்று சொல்லலாம்?

பதிவாகிப் படித்தவர் எல்லாரும் பழைய மாணவர்தான். வெளிவாரிப் பட்டதாரிகளை மலர்களில் விட்டுவிடும் பழக்கம் இருக்கிறது, அது சரியல்ல. பாடசாலையில் கற்பித்துக்கொண்டே வெளிவாரியாகப் பட்டம் பெற்ற ஆசிரியர்களின் உழைப்பு உள்வாரி மாணவரின் உழைப்பை விடக் குறைந்ததல்ல. யுத்தத்தாலோ குடும்பச் சூழலாலோ இடையில் நின்றவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அவரைப் "பட்டதாரி" என்று எழுதாமல், "இத்தனையாம் ஆண்டு வரை பயின்றவர்" என்று எழுதுங்கள்.

படித்த இடமும் கற்பித்த இடமும் வேறானால் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பேராசிரியர் சி. மௌனகுரு இதற்கு நல்ல உதாரணம். அவர் பேராதனையில் படித்தார். 1960களில் அங்கே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேடையேற்றிய கூத்துகளில் ஆடினார். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். மூன்று பல்கலைக்கழகங்களும் அவரைத் தம்மவர் என்று சொல்லலாம். ஆனால் ஒவ்வொன்றும் வேறு உறவு.

சுவாமி விபுலாநந்தரை நமது பக்கத்தில் எப்படிச் சேர்ப்பது?

காரைதீவில் 1892இல் பிறந்த அவர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் காலமானார். அப்போது கிழக்கில் பல்கலைக்கழகமே இல்லை. ஆகவே கல்லடியில் அவர் பெயரால் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு அவர் பெயர் தந்தவர், முன்னோடி. பழைய மாணவரோ ஆசிரியரோ அல்லர். "எமது பேராசிரியர்" என்று எழுதிய மலர்கள் அன்பினால்தான் அப்படி எழுதின. ஆனாலும் அது பிழை.

நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதும்போது எங்கே தவறுகிறோம்?

கிழக்குப் பல்கலைக்கழகம் 1981 ஆகஸ்ட் 1இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாக, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைப்போடு, வந்தாறுமூலை மகா வித்தியாலய வளாகத்தில் தொடங்கியது. முதலில் இருந்தவை விஞ்ஞான, விவசாய பீடங்கள். 1986 அக்டோபர் 1இல்தான் அது தனிப் பல்கலைக்கழகமானது. ஆகவே "1983இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்" என்ற வரி பிழை. "மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்தார்" என்பதே சரி. பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் வழங்கியது என்பதைச் சான்றிதழைப் பார்த்தே எழுதுங்கள்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இதே வழியில் வந்ததுதான். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகி, 1996 மே மாதத்தில் பல்கலைக்கழகமானது. ஒலுவிலைப் பற்றி எழுதும்போது பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருப்பதை மறந்துவிடாதீர்கள். "ஒலுவில் ஆய்வுகூடத்தில்" என்று எழுதி, படம் சம்மாந்துறையாக இருந்தால் அங்கே படித்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கல்லடி நிறுவகம் முன்பு இசை நடனக் கல்லூரியாக இருந்து, பிற்பாடு கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அக்கல்லூரிக் காலத்தவரை "பட்டதாரி" ஆக்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். அவர்கள் பெற்ற சான்றிதழின் பெயரை அப்படியே எழுதினால் போதும்.

ஒரே மாணவருக்கு மூன்று ஆண்டுகள் வருகின்றனவே, எதைப் போடுவது?

உயர்தரம் எழுதிய ஆண்டு ஒன்று. கல்வியாண்டு இன்னொன்று, இது 2015/2016 என்று இரட்டையாக வரும். பட்டமளிப்பு விழா நடந்த ஆண்டு மூன்றாவது. அனுமதி தாமதம், பகிஷ்கரிப்பு, கொரோனா முடக்கம் எல்லாம் சேர்ந்து இவற்றுக்கிடையே ஐந்தாறு ஆண்டு இடைவெளி விழுந்துவிடும். நண்பர்கள் "எங்கட பட்ச்" என்று சொல்வது பெரும்பாலும் உயர்தர ஆண்டை. பதிவாளர் கிளையின் பதிவேட்டில் இருப்பது கல்வியாண்டு. மடலில் கல்வியாண்டையும், சான்றிதழில் குறித்திருக்கும் பட்டம் செல்லுபடியாகும் திகதியையும் எழுதுங்கள். விழா நடந்த நாளைப் பட்டம் பெற்ற நாளாக எழுதினால், அதற்கு முன்பே அந்தப் பட்டத்தைக் காட்டி வேலையில் சேர்ந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு முரண்படும்.

பெயர்களில் இவ்வளவு குழப்பம் ஏன்? எப்படித் தீர்ப்பது?

நமது பகுதியில் இது மிகப் பெரிய சிக்கல். "ஏ.எல்.எம்." என்ற முதலெழுத்துகளோடு ஒரே பீடத்தில் பலர் இருப்பார்கள். அதே பெயர் முகம்மது, முஹம்மத், மொஹமட் என்று மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். தமிழ்ப் பெயர்களில் தந்தையின் முதலெழுத்து திருமணத்தின் பின் கணவருடையதாக மாறிவிடுவதால், ஒரே பெண்ணின் இளமாணிச் சான்றிதழ் ஒரு முதலெழுத்திலும் ஆய்வுக் கட்டுரைகள் வேறொன்றிலும் இருக்கும். தேடுபவர் இரண்டு பேர் என்று நினைத்துவிடுவார்.

வழி இதுதான். முதல் தொடர்பிலேயே மூன்று வடிவங்களைக் கேட்டு வாங்குங்கள்: சான்றிதழில் உள்ளபடி முழுப்பெயர், கட்டுரைகளில் வரும் பெயர், அவர் இப்போது தமிழில் எழுதும் விதம். தமிழ் எழுத்துக்கோவையை அவரே தட்டச்சு செய்து அனுப்பட்டும். நீங்கள் ஆங்கிலத்திலிருந்து ஊகித்து எழுத வேண்டாம். ஆய்வாளர்களுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஓர்கிட் (ORCID) வைத்திருப்பவரிடம் அதையும் கேளுங்கள். பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. சிங்களத்திலும் பக்கம் போடுவதானால், சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் ஒருவர் பெயர்களை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் அப்படி உதவக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கலாநிதியா, வைத்தியரா, பேராசிரியரா?

ஆய்வுப் பட்டம் பெற்றவர் கலாநிதி. மருத்துவப் பட்டம் பெற்றவரை வைத்தியர் என்று எழுதுங்கள். "வைத்திய கலாநிதி" என்ற பத்திரிகை வழக்கு பல்கலைக்கழகப் பக்கத்தில் குழப்பம் தரும். ஏனெனில் சில வைத்தியர்கள் ஆய்வில் கலாநிதிப் பட்டமும் பெற்றிருப்பார்கள். கலைமாணி, விஞ்ஞானமாணி, முதுகலைமாணி, முதுதத்துவமாணி என்று பட்டத்தை முழுமையாக எழுதுங்கள். கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருப்பவர் "கலாநிதிப் பட்ட ஆய்வாளர்". தற்காலிக உதவி விரிவுரையாளரை "விரிவுரையாளர்" என்று உயர்த்தி எழுதுவது அவருக்கே நாளை நேர்முகப் பரீட்சையில் சங்கடமாகும்.

விருதை எப்படிச் சரிபார்ப்பது?

மூன்று கேள்விகள் போதும். வழங்கியது யார்? எந்த வேலைக்காக வழங்கினார்கள்? பெற்றவரிடம் பணம் கேட்டார்களா?

மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். பதிவுக் கட்டணம், விருந்துக் கட்டணம் என்ற பெயரில் காசு வாங்கிக்கொண்டு "கௌரவ கலாநிதி" கொடுக்கும் அமைப்புகள் உள்ளன. கௌரவ கலாநிதிப் பட்டம் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் தரவேண்டியது. சங்கமோ மன்றமோ தர முடியாது. அங்கீகாரத்தில் சந்தேகம் வந்தால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம். உண்மையான கௌரவப் பட்டமாக இருந்தாலும், அதைக் கல்வித் தகைமைகளோடு கலந்து எழுதாமல் தனியே குறிப்பிடுங்கள்.

தேசமான்ய என்பது நாட்டின் அதியுயர் விருதான ஸ்ரீலங்காபிமான்யவுக்கு அடுத்த நிலையிலுள்ள அரச விருது, சனாதிபதி வழங்குவது. அதே ஓசையில் தனியார் அமைப்புகள் தரும் பட்டங்களை அரச விருதாக எழுதிவிடக் கூடாது. கலாபூஷணம், கலாசார அலுவல்கள் திணைக்களத்தின் வழியாக மூத்த கலைஞர்களுக்குக் கிடைக்கும் அரச விருது. அதற்குச் சான்றிதழ் இருக்கும். அதன் படத்தைக் கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவல்ல.

சரிபார்க்க முடியாத விருதை என்ன செய்வது என்றால், விட்டுவிடுங்கள். அவர் செய்த நல்ல வேலையை அந்தப் பக்கத்தில் விரித்து எழுதினால் யாருக்கும் மனக்குறை வராது.

ஆய்வுக் கட்டுரை, ஆக்கவுரிமை பற்றி எழுதும்போது?

கட்டுரையை முதலில் திறந்து பார்க்க வேண்டும். தலைப்பை மட்டும் வாங்கி எழுதினால் பிழை வரும். பல விஞ்ஞானத் துறைகளில் அதிக வேலை செய்தவர் பெயர் முதலிலும், ஆய்வுக்குழுத் தலைவர் பெயர் கடைசியிலும் வரும். கணிதம், பொருளியல் போன்றவற்றில் அகர வரிசை சாதாரணம். அங்கே முதற்பெயருக்குத் தனிச் சிறப்பு ஏதும் இல்லை. இறுதியாண்டு மாணவி முதற்பெயராக இருக்கும் கட்டுரையை "பேராசிரியரின் ஆய்வு" என்று தலைப்பிட்டால், அவளுக்கு உரியதை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்ததாகிவிடும். இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. நல்ல மேற்பார்வையாளர்களே அதைத் திருத்தச் சொல்லிக் கேட்கிறார்கள்.

சஞ்சிகை, ஆய்வுச் சஞ்சிகைகளைப் பட்டியலிடும் தரவுத்தளங்களான சுட்டிகளில் உள்ளதா என்று பார்க்கும்போது, கட்டுரை வெளிவந்த ஆண்டில் இருந்ததா என்று பாருங்கள். ஸ்கோப்பஸ் (Scopus) என்ற சுட்டி சில சஞ்சிகைகளை இடையில் நீக்கிவிடும். மாநாட்டுச் சுருக்கத்தை முழுக்கட்டுரையாக எழுதக் கூடாது. "சர்வதேச மாநாடு" என்ற பெயர் இருந்தாலும், எத்தனை நாடுகளிலிருந்து வந்தார்கள் என்று நிகழ்ச்சிநிரலைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமையில் விண்ணப்பித்தல் ஒன்று, வழங்கப்படுதல் வேறொன்று. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, விண்ணப்பித்த திகதியிலிருந்து 20 ஆண்டு வரை அது நீடிக்கும். இலக்கம் கேளுங்கள். இன்னும் வழங்கப்படாவிட்டால் "விண்ணப்பித்துள்ளார்" என்று எழுதினால் போதும், அதுவும் பெருமைக்குரியதே. இன்னும் விண்ணப்பிக்காத கண்டுபிடிப்பின் செய்முறையை முந்திக்கொண்டு அச்சிட்டுவிடாதீர்கள். பகிரங்கமாகிவிட்டால் அதன் புதுமை கேள்விக்குள்ளாகி, உரிமை கிடைக்காமலே போகலாம். இந்த ஒரு விடயத்தில் மடல் ஆசிரியரின் அவசரம் ஆய்வாளரின் பல வருட உழைப்பைக் கெடுத்துவிடும்.

நேர்காணலை எப்படி நடத்துவது?

45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் போதும். அதற்கு முன் அவருடைய ஒரு கட்டுரையையோ, செய்த பொருளையோ, ஆற்றுகையையோ பார்த்துவிட்டுப் போங்கள். முஸ்லிம் அன்பர்களிடம் வெள்ளி நண்பகலையும் நோன்பு மாதத்தின் மாலைப் பொழுதையும் கேட்காதீர்கள். வயல் செய்பவரானால் பெரும்போக அறுவடை முடியட்டும்.

கைபேசிப் பதிவு போதுமானது. கைபேசியை விமானப் பயன்முறையில் (airplane mode) போட்டு, பேசுபவரிடமிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். கேட்கும்போது காற்றுத்தான் பெரிதாகக் கேட்கும். சாதாரண எம்பி3 தரத்தில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 60 மெகாபைட் வரும். அதைத் தட்டச்சு செய்ய நான்கு முதல் ஆறு மணி நேரம் எடுக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதிவு தொடங்கியதும் பெயர், திகதி, இடம், "பதிவு செய்யச் சம்மதம்" என்பவற்றை அவர் குரலிலேயே பதியுங்கள்.

"உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?" என்று கேட்டால் எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, "முதல் நாள் மேசையில் என்னென்ன இருந்தது?", "எது சரிவரவில்லை?", "அப்போது யாரிடம் போய்க் கேட்டீர்கள்?", "அந்தக் குறிப்புப் புத்தகம் இருக்கிறதா, பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி பெரும்பாலும் அரை மணி நேரப் பேச்சைத் திறந்துவிடும். ஆய்வுகூட உதவியாளர், மாதிரி எடுக்கத் தோணி தந்த மீனவர், நிலம் தந்த விவசாயி ஆகியோர் அந்தப் பேச்சில்தான் வருவார்கள். அவர்களின் சம்மதத்தோடு பெயரையும் எழுதுங்கள்.

பேச்சுவழக்கைத் திருத்தாதீர்கள். பிறகு என்பதை "மறுகா" என்று சொன்னால் "மறுகா" என்றே இருக்கட்டும். "வாப்பா" என்பதை "அப்பா" ஆக்குவது திருத்தமே அல்ல.

கூத்து, இசை, நடனம் போன்றவற்றைச் சாதனையாக எப்படி எழுதுவது?

கல்லடி மாணவர் ஒருவர், மட்டக்களப்பு மரபுக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்தை ஆவணப்படுத்தி ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அறிவின் உரிமையாளர் கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரும் அந்த ஊரும்தான். மாணவர் எழுதியவர். கட்டுரையில் அண்ணாவியாரின் பெயர், ஊர், எந்த ஆண்டுகளில் எந்தக் கூத்தைப் பழக்கினார் என்பன வரவேண்டும். சட்டம் கொடுத்தல் (ஆடுவோருக்குப் பாத்திரங்களைப் பகிர்ந்து கொடுத்தல்), சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் (ஒத்திகை), அரங்கேற்றம் என்ற கட்டங்களில் எதில் மாணவர் இருந்தார் என்று பிரித்துச் சொல்லுங்கள். அரங்கேற்றத்தை மட்டும் பார்த்தவரும், சட்டம் கொடுத்த நாளிலிருந்து மாதக்கணக்கில் களரியில் (ஆடுகளத்தில்) இருந்தவரும் ஒன்றல்லர். வட்டக்களரியில் ஆடியதா, மூன்று பக்கம் அடைத்த மேடையில் ஆடியதா என்பதையும் குறியுங்கள். ஆட்டத்தின் போக்கே இதனால் மாறும்.

வறுமையை எழுதலாமா?

அவர் எழுதச் சொன்னால், அவர் சொன்ன அளவுக்கு. தாயாரின் தொழிலையும் ஓலை வீட்டையும் முதல் வரியில் வைத்து, அவர் செய்த வேலையைக் கடைசிப் பந்தியில் வைக்கும் கட்டுரைகள் அவரைச் சிறுமைப்படுத்துகின்றன. வீட்டில் இருப்பவர்களின் சம்மதமும் வேண்டும். வறுமை அவருடையது மட்டுமல்ல.

யுத்தத்தில் இழந்தவர்களைப் பற்றி?

எழுத வேண்டும். சொற்களைக் கவனமாக எடுக்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் சி. இரவீந்திரநாத் 15.12.2006 அன்று கொழும்பில் காணாமல் ஆக்கப்பட்டார். அவரைப் போன்றவர்களுக்கு "மறைந்த", "அமரர்" என்ற அடைமொழிகளைக் குடும்பத்தார் தாமே பயன்படுத்தாதவரை நாம் பயன்படுத்தக் கூடாது. "காணாமல் ஆக்கப்பட்ட" என்பதே சொல். வந்தாறுமூலை வளாகம் 1990இல் அகதி முகாமாக இருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 5இல் அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். வளாகத்தின் வரலாற்றை எழுதும் மலர் அந்த ஆண்டைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது.

குடும்பத்தாரிடம் போகும்போது தனியே போகாமல், அவர்களுக்குத் தெரிந்த ஒருவரோடு போங்கள். முதல் சந்திப்பில் பதிவுக்கருவியை வெளியே எடுக்க வேண்டாம். "இப்போது வேண்டாம்" என்றால் அதுவே பதில்.

பழைய படங்கள் இல்லை என்கிறார்களே?

1978 சூறாவளி, இடம்பெயர்வுகள், 2004 சுனாமி என்று கரையோரக் குடும்பங்கள் பலவற்றில் அல்பம் மிஞ்சவில்லை. கூடப் படித்தவர்களின் வீடுகளில் தேடுங்கள். குழுப்படம் ஒன்றின் பிரதி எங்காவது இருக்கும். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் பழைய மலர்களும் சஞ்சிகைகளும் உள்ளன.

நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய படங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். மேற்பூச்சு உரிந்து முகம் போய்விடும். சட்டக் கண்ணாடியில் ஒட்டியதை கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். சிறிய படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி வையுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால், யன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், கைபேசியைப் படத்துக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். பின்புறத்தில் பேனையால் எழுத வேண்டாம். மென்மையான பென்சில் போதும். குழுப்படத்தில் "நிற்பவர்கள், இடமிருந்து வலம்" என்று அன்றே எழுதிவிடுங்கள்.

புதிய படத்தை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆறு அங்குல அகலத்தில் அச்சிட 1800 பிக்செல் தேவை. முகம் வர விரும்பாத பெண்களிடம் வற்புறுத்த வேண்டாம். வேலை செய்யும் கை, கருவி, குறிப்புப் புத்தகத்தின் ஒரு பக்கம் ஆகியவை பல சமயம் மேடையில் நினைவுச்சின்னம் வாங்கும் படத்தைவிட நன்றாகப் பேசும்.

பழைய மலரைத் தட்டச்சில் தந்தார்கள். இணையத்தில் போட்டால் வெறும் ஆங்கில எழுத்தாக வருகிறது?

அது பாமினி எழுத்துரு. அதில் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். யூனிகோட் மாற்றியில் போட்டு மாற்றுங்கள். ஆனால் இடையில் உண்மையாகவே ஆங்கிலமாக இருந்த சொற்களும் தமிழ் எழுத்துக் குவியலாக மாறிவிடும். மின்னஞ்சல் முகவரி, பட்டப் பெயர்ச் சுருக்கம், தாவரங்களின் விஞ்ஞானப் பெயர், நிறுத்தக்குறிகள் ஆகியவற்றை அச்சுப் பிரதியோடு வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வெளியிடும் முன் அவரிடம் காட்ட வேண்டுமா?

காட்டுங்கள். பெயர், ஆண்டு, பட்டம், மேற்கோள், படம் ஆகிய ஐந்தையும் அவர் உறுதிப்படுத்தட்டும். ஏழு நாள் அவகாசம் கொடுங்கள். கூட வேலை செய்தவர்களின் பெயரை நீக்கச் சொன்னால் மட்டும் காரணம் கேளுங்கள். தொலைபேசி இலக்கம், வீட்டு முகவரி, அடையாள அட்டை இலக்கம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சம்மதத்தை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

பதவியை எழுதும் இடத்தில் "இன்ன மாத நிலவரப்படி" என்று சேர்த்துவிடுங்கள். பிழை தெரியவந்தால் சத்தமில்லாமல் மாற்றாமல், எது எப்போது திருத்தப்பட்டது என்று பக்கத்தின் அடியில் ஒரு வரி போடுங்கள். அச்சு மலரானால் அடுத்த இதழின் முதல் பக்கத்தில்.